பாட்டு முடியட்டும் என்ற ராட்சசன்

என் மகளுடைய பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மே மாதம் ஒரு புகைப்படம் வந்தது. லண்டனில் ஏதோ ஒரு தியேட்டர் வாசலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அம்மா, அப்பா, இரண்டு குழந்தைகள், நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் கோட்டு. ‘குழந்தைகளுக்கு லைவ் மியூசிக்கல் காட்டுவது எவ்வளவு முக்கியம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது’ என்று கீழே எழுதியிருந்தார்கள். எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை என் பிள்ளைகள் சோறு, தண்ணீர், போன் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

எங்கள் விடுமுறை லண்டனுக்குப் போகிற ஜாதி இல்லை. கோயம்புத்தூரில் கிளம்பி, சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்து முடிக்க, மைசூர் போய்ச் சேருகிற விடுமுறை. அங்கே ஹெப்பாளில் என் கணவரின் அக்கா வீடு இருக்கிறது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அங்கே வருஷத்துக்கு நான்கு நாள். முதல் நாள் மிருகக்காட்சிசாலை. இரண்டாம் நாள், அங்கே நடந்த கால்வலிக்கு ஓய்வு. மூன்றாம் நாள் அரண்மனை வாசலில் நின்று ஒரு படம். நான்காம் நாள் மறுபடியும் திம்பம்.

மிருகக்காட்சிசாலை என் கணவரின் ஏற்பாடு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அந்த மனிதர் வேறு எதற்கும் அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. என்ன குழம்பு என்று கேட்டால் ‘எதோ ஒண்ணு’ என்பார். எந்தச் சட்டை என்று கேட்டால் ‘மேல இருக்கறது’ என்பார். மைசூர் வந்தால் மட்டும் ‘ஜூவுக்குப் போயிரலாம்’ என்று அவரே முதலில் வாயைத் திறப்பார். போனால் ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் பத்து நிமிஷம் அசையாமல் நிற்பார். ‘சொந்தக்காரங்களா?’ என்று நான் கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுக் கிண்டல் தயாரித்து எடுத்துக்கொண்டுதான் நான் மலையேறுவேன்.

இந்த முறை முதல் நாளே அண்ணிக்கு மண்டி மொஹல்லாவில் குக்கருக்கு ஒரு கைப்பிடி வாங்க வேண்டியிருந்தது. குடும்பத்தோடு போனோம். ஒரு கைப்பிடிக்கு ஐந்து பேர். அந்தச் சந்தில் ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றபோது, என் தோளுக்கு மேலே ஒரு போஸ்டர். யானை, பாகன், கோரைப்பல்லோடு ஒரு ராட்சசன், மூலையில் ஒரு ஆர்மோனியம். எழுத்தெல்லாம் கன்னடம். எனக்குக் கன்னடம் ஜிலேபி. என் கணவர் கர்நாடக எல்லையோரத்து ஹனூர்க்காரர். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் கன்னடமுமாக வளர்ந்தவர்.

‘என்னங்க எழுதியிருக்கு?’

‘நாடகமாமா.’

‘என்ன நாடகம்?’

‘யானை நாடகம். பூராவும் பாட்டுத்தானாமா. ஞாயித்துக்கெளம நாலு மணிக்கு.’

‘அப்ப மியூசிக்கல்!’ என்றேன். சந்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

‘யானை பாக்கோணும்னா ஜூவுலயே இருக்குதல்ல’ என்றார் அவர்.

‘சும்னே இருடா தம்பி. வருஷா வருஷம் அதே கொரங்கு, அதே கரடி. நாடகம் நல்லா இருக்கும், அல்வா?’ என்றார் அண்ணி. இருபத்தைந்து வருஷ மைசூர் வாசத்தில் அவர் தமிழில் பாதி கன்னடம் கலந்துவிட்டது. அல்வா என்றால் ‘இல்லையா’ என்று அர்த்தம். என் மகனுக்கு ஆறு வயது. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. ‘அத்தை, அல்வா எங்கே?’ என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுக்கும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஏறியதும் பிள்ளைகளுக்கு விதிமுறைகளை விளக்கினேன். பேசக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது. தின்பதற்கு எதையும் கேட்கக் கூடாது. முக்கியமாக, ஒருவரும் போனைத் தொடக் கூடாது.

‘எனக்குக் கன்னடமே தெரியாதும்மா’ என்றாள் மகள். பன்னிரண்டு வயது. கோடை முழுவதும் என்னை ஒரு தேவையற்ற விளம்பரம் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘கலைக்கு மொழி கிடையாது.’

‘அப்ப தமிழ்ல மார்க் கொறஞ்சதுக்கு எதுக்குத் திட்டுன?’

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பதிலை அவரும் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ‘வெளிய பாரு’ என்று மட்டும் சொன்னேன்.

அரங்கு பழையது. பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறிகள் சுற்றின, காற்றுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வாசலில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தேன். கோட்டு இல்லை. மகனின் பனியனில் இளநீர் வழிந்திருந்தது. எடுத்த நான்கு படத்திலும் மகள் வேறு வேறு திசையைப் பார்த்தாள். இருந்தாலும் பின்னால் ராட்சசன் போஸ்டர் நன்றாக விழுந்திருந்தது.

திரை விலகியது. மேடையோரத்தில் ஒருவர் ஆர்மோனியத்தோடும் ஒருவர் தபலாவோடும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜா வந்தார். வந்ததும் பாடினார். மகன் ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் அவன் அப்பாவையும் பார்த்தான். விவரம் சொல்லக்கூடியவர் யார் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

‘என்னப்பா சொல்றாரு?’

‘ராஜா கோவமா இருக்காரு.’

பாட்டு நான்கு நிமிஷம் ஓடியது. ராஜா கத்தியை உருவினார், உறையில் போட்டார், மறுபடி உருவினார், மந்திரியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார்.

‘இப்ப என்னப்பா?’

‘இன்னும் கோவமாத்தான் இருக்காரு.’

காட்டில் ஒரு ராட்சசன் இருக்கிறான், ஊருக்குள் வந்து ஆட்களைத் தூக்கிப்போகிறான், அவனை அடக்கப் பட்டத்து யானை போக வேண்டும் என்பது கதை. யானை வந்தது. சாம்பல் நிறத் துணிக்குள் இரண்டு ஆட்கள். முன்கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. பின்கால்கள் நம்பிக்கையின் பேரில் வந்தன. ஒரு திருப்பத்தில் முன்பாதி இடப்பக்கமும் பின்பாதி வலப்பக்கமும் போக, நடுவில் துணி இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. ‘அம்மா, யானை செருப்புப் போட்டிருக்கு!’ என்று மகன் அரங்கத்துக்கே அறிவித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ‘ஸ்வல்ப மெல்லகே’ என்றார். மெல்லப் பேசச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

அந்தச் சமயம் நான் கைப்பைக்குள் போனை வைத்து, வாசலில் எடுத்த படத்தைக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன். ‘மைசூரில் லைவ் மியூசிக்கல். குழந்தைகள் மெய்மறந்து பார்க்கிறார்கள்’ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு விரல் என் முழங்கையைக் குத்தியது.

‘அம்மா. போன்’ என்றாள் மகள். என்னைவிட அழகாக அந்த வார்த்தையை உச்சரித்தாள். உள்ளே வைத்துவிட்டேன்.

பாகனுக்கு ஒரு மகன். எட்டு ஒன்பது வயதுப் பையன்தான் நடித்தான். யானையோடு பாகனும் காட்டுக்குப் போக வேண்டும். பையனை அரண்மனைச் சமையல்காரியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். விளக்குகளைக் குறைத்தார்கள். பாகன் பையனுக்குத் தலைவாரிக்கொண்டே பாடினான். தபலா நின்றுவிட்டது. ஆர்மோனியம் மட்டும்.

‘நேரத்துக்குச் சாப்பிடோணும்ங்கறாரு’ என்று என் கணவர் மகன் காதில் சொன்னார். ‘பசங்களோட சண்டைக்குப் போகக் கூடாதுங்கறாரு. கொசு கடிச்சா போர்வையத் தலையோட போத்திக்கங்கறாரு. நான் போகும்போது…’

நின்றுவிட்டார்.

‘போகும்போது என்னப்பா?’

மகன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

‘அப்பா, சொல்லுப்பா. என்ன சொல்றாரு?’

அந்தப் பக்கம் இருந்த அண்ணிதான் குனிந்து சொன்னார். ‘நான் போகும்போது திரும்பிப் பாக்க மாட்டேன், பாத்தா எனக்குப் போக முடியாதுங்கறாரு, சாமி.’ சொல்லிவிட்டு அவர் தம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கணவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாத கண்ணால் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைக்கத்தான் நினைத்தேன். மின்விசிறி அப்படி.

இடைவேளையில் அவரைக் காணவில்லை. ஒரு தட்டு போண்டா வாங்கிக்கொண்டு தேடினேன். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். கேலி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘யானைக்காக அழுத முதல் ஆள் நீங்கதான்’ என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். முகத்தைப் பார்த்ததும், தட்டை மட்டும் நீட்டினேன்.

ஒரு போண்டாவை எடுத்தார். கடிக்கவில்லை.

‘எனக்குப் பத்து வயசுல எங்கப்பா என்னைய இங்க ஹாஸ்டல்ல உட்டாரில்ல’ என்றார்.

ஹாஸ்டலில் படித்தவர் என்பது எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் படிப்போடு சேர்த்துச் சொன்ன தகவல்.

‘ஹனூர்ல பஸ் ஏறி வந்தோம். எறங்குனதும் நேரா ஹாஸ்டலுக்குப் போகல. ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பூராவும் சுத்திக் காமிச்சாரு. ஒட்டகச்சிவிங்கிகிட்ட ரொம்ப நேரம் நிக்க வெச்சு, நல்லாப் பாத்துக்க சாமின்னாரு. சாயங்காலமா ஹாஸ்டல் கேட்டுல உட்டாரு. உட்டுட்டுப் போனாரு பாரு, ரோட்டு மொனை வரைக்கும் பாத்துட்டே நிக்கறேன், ஒருக்கா திரும்பிப் பாக்கல. எங்கப்பனுக்கு என்னையப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.’

‘இத எங்கிட்ட ஏங்க சொல்லவே இல்ல?’

‘இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது. ஜூவுக்குப் போனோம், ஹாஸ்டல்ல சேந்தேன். அவ்வளவுதான்.’

பதினான்கு வருஷக் கிண்டல்கள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றும் நான் ரசித்து ரசித்துச் செய்தது. என்ன சொல்ல வாயைத் திறந்தாலும் அதுவும் கேலியாகவே வந்துவிடும் போலப் பயமாக இருந்தது, பழகின நாக்கு. அதனால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். அந்த விடுமுறையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். மணி அடித்ததும் அவர் போண்டாவை வாயில் போட்டுக்கொண்டு, ‘உப்பே இல்ல’ என்றார்.

இரண்டாம் பாதியில் யாரும் அவரை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. மகள் எப்போதோ தம்பி பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்தாள். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாத அந்தப் பெண், காட்சிக்குக் காட்சி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ‘அந்தச் சமையல்காரி நெஜமா ராஜாவோட தங்கச்சி. சொத்துத் தகராறு. அதான் சமைக்கறா.’ நாடகத்தில் அப்படி எதுவும் இல்லை. என் கணவர் அவளைத் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில், அவரும் மேடையை விட்டுவிட்டு அவள் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

காட்டில் பாகன் மரத்தடியில் படுத்துத் தூங்கினான். யானை ஓரமாக நின்றது. ராட்சசன் வந்தான். கறுப்பு மை, சிவப்புக் கண், தலையில் கொம்பு, கையில் கதாயுதம். பூனை போல நடந்துவந்து பாகனின் தலைக்கு நேராகக் கதையை ஓங்கினான். ஓங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தான். நாங்கள் பார்த்த அத்தனை பாட்டிலும் அதுதான் நீளம். ஒரு சரணம் முடியும்; கதை இறங்கப்போகும்; ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுக்கும்; அடுத்த சரணம் தொடங்கும். மகன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். மூன்றாம் சரணத்தில் விரலைக் கடித்தான். நான்காவதில் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

‘யோவ் யானைக்காரரே! எந்திரிங்க! பின்னாடி நிக்கறான்!’

ஆர்மோனியம் நின்றது. அரங்கம் முழுவதும் எங்களைப் பார்த்தது. ராட்சசன் கதையை இறக்காமல், கழுத்தை மட்டும் திருப்பி எங்கள் வரிசையைப் பார்த்தான்.

‘இருடா கண்ணு. பாட்டு முடியட்டும். அப்புறமேட்டுக்கு எந்திரிப்பாரு’ என்றான். சுத்தமான ஹனூர்த் தமிழ்.

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். அதனால் சிரிப்பு அரங்கத்தில் இரண்டு தவணையாக வந்தது. தூங்கிக்கொண்டிருந்த பாகனின் வயிறு குலுங்கியது. யானையின் பின்பாதி தனியாக ஆடியது. ‘மெல்லகே’ அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தரை பிளக்கக் காத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் அது பிளந்ததாகத் தெரியவில்லை. என் கணவர் மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்தார். அப்படி ஒரு சத்தம் அவரிடம் இருப்பதே எனக்குப் புதிது. ராட்சசன் கடமை தவறாதவன். மீதி மூன்று சரணத்தையும் பாடி முடித்த பிறகுதான் யானையிடம் உதைபட்டுச் செத்தான்.

ஆட்டம் முடிந்ததும் மகன் ராட்சசனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றான். மேடைக்குப் பக்கவாட்டுக் கதவருகே அவர் கொம்பைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயால் முகத்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் ராட்சசன்; பாதி முகம் நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தூக்கக் கலக்கம்.

‘ஹனூருங்களா?’ என்று கேட்டார் என் கணவர்.

‘பக்கத்துலதானுங்க. நீங்க?’

‘ஹனூரேதானுங்க.’

அவருக்கு அண்ணி வீடு இருக்கிற ஹெப்பாளில்தான் வேலை, வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் ஷிப்டு. ‘ஞாயித்துக்கெளம மட்டும் ராட்சசனுங்க’ என்றார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி மகனை முன்னால் தள்ளினேன். அவன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்து, மன்னிப்புக்குப் பதிலாகக் கேள்வி கேட்டான்.

‘அவ்வளவு நேரம் ஏன் அடிக்கல?’

‘பாட்டு நீளம் கண்ணு. அடிக்கறதுக்குள்ள கை நோவெடுத்துப் போயிருது’ என்று தோளைப் பிடித்துக் காட்டினார்.

மகள் அதற்குள் யானையின் பின்பாதியைக் கண்டுபிடித்திருந்தாள். மீசை வைத்த ஒல்லியான மனிதர். துணிக்குள் இருக்கும்போது என்ன தெரியும் என்று சைகையால் கேட்டாள். ‘முந்தே இரோன பெல்ட்டு, அஷ்டே’ என்றார் அவர். முன்னால் இருக்கிறவனின் பெல்ட்டு, அவ்வளவுதான். அண்ணி சொல்லத் தொடங்கும் முன்பே மகள் சிரித்துவிட்டாள். அந்தக் கோடையில் அவள் முழுதாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் பையெல்லாம் கட்டியாகிவிட்டது. ‘ஹனூர் போய்ட்டுப் போலாம்’ என்றார் என் கணவர். பொங்கலுக்கு மட்டுமே போகிற ஊர். சுற்று வழி. வேறு சமயமாக இருந்தால் நான் வரைபடத்தை எடுத்து நீட்டியிருப்பேன். ‘சரிங்க’ என்றேன்.

மாமனாருக்கு எழுபத்தெட்டு. நாங்கள் போனபோது மக்காச்சோளம் காயப்போட்டுவிட்டு, ஆடு வாய் வைக்காமல் காவல் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்ததற்கு ஒரு திட்டு. பேரன் இளைத்துவிட்டான் என்று எனக்கு ஒரு திட்டு. காபி குடித்து முடிக்கும்வரை என் கணவர் மழை, சோளம், மோட்டார் என்று எதை எதையோ பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

‘ஏப்பா, அன்னிக்கு என்னைய ஹாஸ்டல்ல உட்டுட்டுப் போகும்போது ஏன் திரும்பியே பாக்கல?’

மாமனாருக்குக் கேள்வி பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தைத் தேடிப்பிடிக்க வேண்டுமே.

‘என்னைக்கு? மைசூர்லயா?’ என்றார். ‘அட, ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுடா. அத உட்டா விடிய விடிய ஸ்டாண்டுலதான் கெடக்கோணும். நின்னு திரும்பிப் பாக்கறதுக்கு நேரமேது? ஓடுனேன்.’

என் கணவர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் சோளத்தைக் கையால் அளைந்துகொண்டு ஆட்டைப் பார்த்தார். அவர் சொன்னது நிஜம்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பஸ் இருந்திருக்கும். ஓடியும் இருப்பார்.

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் நேற்று அரங்கத்தில் சிரித்த அந்தச் சத்தத்தோடு. ஆடு இரண்டடி பின்னால் போனது. மாமனார் தன் மகனைப் பார்த்தார், பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார்.

‘இவனுக்கு என்னாச்சு அம்மிணி?’

‘நாடகம் பாத்தாருங்க மாமா’ என்றேன்.